பத்து மாதமா, பத்து வருடமா: பயிற்சி மருத்துவர்களுக்கு கேஸ் ஷீட் எழுதச் சொல்லித் தந்த அனுபவம்

நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு 2009-ல் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் கவுன்டரில் சேர்ந்தேன். கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிய வருடம் அது. ஆறு மாதத்தில் என்னை இன்சூரன்ஸ் மேஜைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். அந்தத் திட்டம் 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது, அதன் பிறகு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் என்று ஆனது, எல்லாவற்றையும் அந்த மேஜையிலிருந்தே பார்த்தேன்.

எங்கள் மருத்துவமனையில் டி.என்.பி. மேற்படிப்புக்காக வருடத்துக்கு ஆறேழு பயிற்சி மருத்துவர்கள் சேருவார்கள். ராத்திரி அட்மிஷன் போடுவதும், காலையில் ரவுண்ட்ஸ் எழுதுவதும், டிஸ்சார்ஜ் சம்மரி தயார் செய்வதும் அவர்கள்தான். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டுதான் நான் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்க வேண்டும். எழுத்தில் ஒரு ஓட்டை இருந்தால் அது நோயாளியின் வீட்டில் போய் விழும். இதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ். படித்திருப்பார்கள், ஒரு கிளெய்ம் ஃபார்மைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் மேஜையில் அவர்களோடு உட்கார ஆரம்பித்து இப்போது பல வருடமாகிறது. ஆரம்பித்த காரணம் ஒரு கேஸ் ஷீட், அதாவது நோயாளியின் விவரத்தையும் சிகிச்சையையும் டாக்டர் எழுதி வைக்கும் தாள்.

2017-ல் நடந்தது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை பார்த்தவர், ஐம்பது வயது இருக்கும். வலது பாதத்தில் சீழ் கோத்து, ராத்திரி ஒரு மணிக்குக் காய்ச்சலோடு வந்தார். மகனுக்கு மணலியில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு வருடம் முன்பு அப்பா அம்மாவையும் சேர்த்து சொந்தமாக ஒரு பாலிசி எடுத்திருந்தான். அன்று டூட்டியில் இருந்தவர் முதல் வருடப் பயிற்சி மருத்துவர். நோயாளியின் மனைவி அவரிடம் சொன்னது இது: “கால்ல பித்தவெடிப்பு பத்து வருஷமா இருக்குது டாக்டரம்மா. சக்கர இப்ப பத்து மாசமாத்தான்.”

கேஸ் ஷீட்டில் ஏறியது ஒரே வரி: சர்க்கரை நோய், 10 வருடம். பித்தவெடிப்பு எங்கேயும் இல்லை.

மூன்றாம் நாள் நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறார், பணம் தர முடியாது. அதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. பில் 1,12,000 ரூபாய். அந்த அம்மா காதில் கழுத்தில் இருந்ததைக் கழற்றி அடகு வைத்துக் கட்டினார். கட்டின ரசீதைக் கையில் பிடித்தபடி என் மேஜைக்கு முன்னால் நின்று, “இன்னாம்மா எழுதிருக்காங்க அதுல? நான் பத்து மாசம்னுதானே சொன்னேன்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தான்தான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயத்தில் கேட்டார். எனக்கு இன்றைக்கும் அந்த முகம் நினைவிருக்கிறது.

பயிற்சி மருத்துவரைக் கூப்பிட்டேன். கேஸ் ஷீட்டைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மா சொன்னது அப்படியே நினைவிருந்தது அவருக்கு. உடனே பேனாவை எடுத்து ‘வருடம்’ என்று இருந்த இடத்தை ‘மாதம்’ ஆக்கப் போனார். நான் கையைப் பிடித்துவிட்டேன்.

சொல்லித் தர வேண்டிய முதல் பாடம் இதுதான் என்று அப்போது புரிந்தது. கிளெய்ம் மறுத்த பிறகு பழைய வரியின் மேல் பேனா வைத்தால் உண்மையும் பொய்யாகிவிடும். நாம் முதலில் அனுப்பிய நகல் அவர்களிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது திருத்தம் இல்லை, போர்ஜரி. எழுதும்போதே தப்பு தெரிந்தால், படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி, நேரம் போட வேண்டும். ஒயிட்னர் பக்கமே போகக் கூடாது. பிறகு தெரியவந்தால், பழையதைத் தொடாமல், தெரியவந்த நாளின் தேதியிலேயே புதிதாக ஒரு குறிப்பு எழுத வேண்டும்: முன்பு இப்படி எழுதப்பட்டது, இன்ன ஆதாரத்தைப் பார்த்ததில் உண்மை இது.

அன்று அப்படித்தான் செய்தோம். ஆதாரத்துக்கு அந்த அம்மாவை வீட்டில் தேடச் சொன்னேன். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையில் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சர்க்கரை நோட்டைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் முதல் ரத்தப் பரிசோதனை, தேதி, சீல். சரியாகப் பத்து மாதம். சீனியர் டாக்டர் அதைப் பார்த்து ஒரு விளக்கக் கடிதம் எழுதினார். மகனை நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வைத்தேன். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை என்றும் சொல்லி வைத்தேன். அதுவரை போகவில்லை. நாலு மாதத்தில் பணம் வந்தது. அடகு வட்டியை யாரும் திருப்பித் தரவில்லை.

அடுத்த பேட்ச் வந்ததும் நிர்வாகத்திடம் கேட்டு ஒரு வகுப்பு வைத்தேன். நாற்பது ஸ்லைடு. பாலிசி என்றால் என்ன, காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்மைக் கையாளும் டி.பி.ஏ. என்றால் யார், நோய்க்கான ஐ.சி.டி. குறியீடு எப்படிப் போடுவது என்று எல்லாம் இருந்தது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். முப்பது மணி நேர டூட்டி முடித்து வந்தவர்களை ஏ.சி. அறையில் உட்கார வைத்து விளக்கை அணைத்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும். தப்பு முறையில் இருந்தது. அதோடு ஸ்லைடை விட்டுவிட்டேன்.

இப்போது செய்வது வேறு. மறுக்கப்பட்ட கிளெய்ம் ஒன்றின் கேஸ் ஷீட்டை நகல் எடுப்பேன். நோயாளியின் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), முகவரி, எழுதிய டாக்டரின் கையெழுத்து எல்லாவற்றையும் மறைத்துவிடுவேன். இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து அதைக் கையில் கொடுத்து, “இப்ப நீங்கதான் காப்பீட்டு நிறுவனத்து டாக்டர். இந்த ஆளை நீங்க பார்த்ததில்லை, பார்க்கப்போறதும் இல்லை. இந்தத் தாள் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். பணம் கொடுப்பீங்களா?” என்று கேட்பேன். இருபது நிமிடம் ஒன்றும் பேச மாட்டேன். அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள். தான் கண்டுபிடித்த ஓட்டையை யாரும் மறப்பதில்லை.

அப்படி அதிகம் சிக்குவது சி.எஸ்.டி. ‘அதே சிகிச்சையைத் தொடரவும்’ என்பதற்கான சுருக்கெழுத்து. நோயாளி நலம், பல்ஸ் பி.பி. சரி, சி.எஸ்.டி. நாலு நாளைக்கும் இதே வரி, இதே கையெழுத்து. தாளை மட்டும் படிக்கிறவர் கேட்கிற கேள்வி நியாயமானது: நலமாக இருக்கிறவர் நாலு நாள் வார்டில் என்ன செய்தார்? உண்மையில் அவருக்கு இரண்டாம் நாள் ராத்திரி காய்ச்சல் 102 ஏறியது, ஊசி மருந்தை மாற்றினார்கள், மூன்றாம் நாள் வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை. எல்லாம் நர்சிங் சார்ட்டில் இருக்கிறது. டாக்டர் குறிப்பில் இல்லை. நர்ஸ் எழுதியதும் டாக்டர் எழுதியதும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் வரும் சந்தேகம் இன்னும் மோசம்.

எனவே தினமும் நாலு விஷயம் எழுதச் சொல்கிறேன். நோயாளி என்ன சொன்னார், நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன நினைக்கிறீர்கள், என்ன செய்யப்போகிறீர்கள். அவர்களுக்கு இது புதிதில்லை. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1960-களில் கொண்டுவந்த முறை, இந்த நாலின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து சோப் என்று பாடத்திலேயே படித்ததுதான். நான் சேர்ப்பது ஐந்தாவதாக ஒரு வரி மட்டும்: இன்றைக்கு இவர் ஏன் வீட்டுக்குப் போக முடியாது? அந்த வரிக்கு உண்மையான பதில் இல்லையென்றால், நோயாளியை அன்றே வீட்டுக்கு அனுப்பலாமா என்று சீனியரிடம் கேளுங்கள் என்பேன். ஒரு பெண் டாக்டர் அப்படிக் கேட்டு, ஒரு பாட்டி ஒரு நாள் முன்னதாகவே வியாசர்பாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு நாள் பில் மிச்சம்.

அப்புறம் காய்ச்சல். மழை ஓய்ந்து தண்ணீர் தேங்கினால் கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, தண்டையார்பேட்டை என்று நாலு பக்கமிருந்தும் வருவார்கள். அட்மிஷன் தாளில் ‘காய்ச்சல், பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டார்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வார்த்தை போதும். வெறும் பரிசோதனைக்காகச் சேர்ந்தால் பணம் கிடையாது என்பது எல்லாப் பாலிசியிலும் ஒரே மாதிரி இருக்கும் விதிவிலக்கு. டாக்டருக்கு அந்த எண்ணமே இல்லை. அவர் சேர்த்தது, பி.பி. 90-க்கு இறங்கியிருந்ததால். ரத்தத் தட்டணு 60 ஆயிரத்துக்கு இறங்கியிருந்ததால். இரண்டு நாளாக ஒரு வாய் தண்ணீர் தங்காததால். மனதில் இருந்த காரணத்தைத் தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான். எதற்காகச் சேர்த்தேன் என்று இரண்டு வரி, அதில் எண்கள் இருக்கட்டும், இதுதான் நான் கேட்பது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறியோடு விட்டுவிடாதீர்கள். முடிவு தெரியவில்லையென்றால் இன்னின்ன பார்த்தோம், இதுவரை தெரிந்தது இது என்று எழுதலாம். அது நேர்மையானது, கேள்விக்கும் பதில் சொல்லும்.

விபத்து கேஸ்களில் இன்னும் கவனம் வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வண்டி ஓட்டுகிற ஊர் இது. வாரத்துக்கு ஒன்றாவது வரும். ஒரு முறை ஒரு பையனின் கேஸ் ஷீட்டில் ‘மது அருந்தியிருந்தார்’ என்று ஒரு பயிற்சி மருத்துவர் எழுதியிருந்தார். ஏன் எழுதினீங்க டாக்டர் என்று கேட்டேன். “கூட வந்தவங்க மேல வாடை வந்துச்சுக்கா, இவரும் குடிச்சிருப்பார்னு நினைச்சேன்” என்றார். நினைத்ததை எழுதக் கூடாது. வாயில் வாடை இருந்ததா, பேச்சு குழறியதா, கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா, ரத்தம் எடுத்தீர்களா, இதைத்தான் எழுத வேண்டும். வாடை இருந்தால் இருந்தது என்று எழுதுங்கள். மறைக்கச் சொல்லி யார் கெஞ்சினாலும், அது நானாகவே இருந்தாலும், மறைக்காதீர்கள். இல்லாததை மட்டும் எழுதாதீர்கள். எப்படி அடிபட்டது என்பதும் அப்படியே. வண்டி வழுக்கியதா, இடித்ததா, எத்தனை மணிக்கு, எங்கே, யார் சொன்னது. விபத்துப் பதிவேட்டில் ஒன்று, கேஸ் ஷீட்டில் ஒன்று இருந்தால் காப்பீடு மட்டுமில்லை, கோர்ட்டில் இழப்பீடு கேட்கும்போதும் அந்தக் குடும்பம் தடுமாறும். நேரம் ரொம்ப முக்கியம். விபத்தில் அடிபட்டவர்களுக்கு இலவசச் சிகிச்சை தர தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைதான் கணக்கு. எப்போது விபத்து, எப்போது வந்தார் என்று எழுதாத தாளை வைத்து அந்த 48 மணியை எங்கிருந்து எண்ணுவது?

எலும்பு ஆபரேஷனிலும் ஸ்டென்ட்டிலும் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உடம்புக்குள் வைக்கும் பிளேட், ஸ்டென்ட்டோடு வரும் ஸ்டிக்கரை ஆபரேஷன் தியேட்டரிலேயே கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடுங்கள், டிரெஸ்ஸிங் டிராலியில் வைத்தால் குப்பைக்குப் போய்விடும். இடதா வலதா என்பது ஒப்புதல் படிவம், ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்சுலின் அளவில் யூனிட் என்பதை முழுசாக எழுதுங்கள். ‘யு’ என்று ஒரு எழுத்தாக ஆங்கிலத்தில் போட்டால் அவசரத்தில் அது சைபராகத் தெரியும், 10 யூனிட் 100 ஆகிவிடும். அது காசு விஷயம் இல்லை, உயிர்.

பில்லில் அவர்களை ரொம்பவும் யோசிக்க வைத்த கணக்கு ரூம் வாடகை. ரவுண்ட்ஸில் நல்ல மனதோடுதான் சொல்வார்கள், “வார்டுல சத்தமா இருக்கா? சிங்கிள் ரூம் எடுத்துக்கோங்க, இன்சூரன்ஸ்தானே.” 3 லட்சம் பாலிசி, நாள் வாடகை அதில் ஒரு சதவீதம் என்று வரம்பு இருந்தால் 3,000 ரூபாய். அவர் 6,000 ரூபாய் அறைக்குப் போனால் கூடுதலான 3,000-ஐ மட்டும் கட்டினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான பாலிசியில் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் என்று அறையோடு சேர்ந்த கட்டணம் எல்லாவற்றிலும் பாதிதான் வரும். மருந்து, உடம்புக்குள் வைக்கும் இம்ப்ளான்ட், லேப், ஐ.சி.யூ. இவை மட்டும் தப்பிக்கும். ஒரு உண்மையான பில்லை எடுத்து கால்குலேட்டரைக் கையில் கொடுத்து அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்வேன். 80,000 ரூபாய்க்கு அப்படிப்பட்ட கட்டணம் இருந்தால் 40,000 நோயாளி தலையில். “ஒரு வார்த்தைக்கு நாற்பதாயிரமா அக்கா?” என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு அவர், “இன்சூரன்ஸ் மேஜையில கேட்டுட்டு மாறுங்க” என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அது போதும்.

டிஸ்சார்ஜ் அன்றைக்குக் காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு சம்மரியை மதியம் மூன்று மணிக்கு எழுதுகிற பழக்கம் இருந்தது. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் புது விதி கொண்டுவந்தது. நோயாளி கட்டாமல் நிறுவனமே நேராகக் கட்டும் கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம், அதற்குள் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்த மூன்று மணி நாம் தாளை அனுப்பிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். இப்போது சேர்ந்த அன்றே சம்மரியைத் திறந்து வைத்து, தினமும் ரெண்டு வரி ஏற்றச் சொல்கிறேன். கடைசி நாளில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். தெளிவாக எழுதினால் நோயாளிக்கும் அடுத்த டாக்டருக்கும் உதவும் என்பதையும் சொல்வேன். மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கில கேப்பிடல் எழுத்தில் எழுதச் சொல்லி 2016-லேயே விதி வந்துவிட்டது.

ஒரு கேள்வி ஒவ்வொரு பேட்ச்சிலும் வரும். “அக்கா, கொஞ்சம் மாத்தி எழுதினா கிளெய்ம் கிடைக்கும்னா, ஏழைங்கதானே, எழுதிக் கொடுத்தா என்ன?” இரக்கத்தில் கேட்கிறார்கள், எனக்குத் தெரியும். என் பதில் எப்போதும் ஒன்றுதான். எழுதாதீங்க. உண்மையில் நடந்ததை முழுசாக எழுதினாலே பெரும்பாலான கிளெய்ம் கிடைத்துவிடும். மறுக்கப்பட்டவற்றில் நான் பார்த்த வரை, நோயாளி தகுதி இல்லாதவர் என்பதைவிட, டாக்டர் செய்த வேலையை எழுதாமல் விட்டதுதான் அதிகம். கூட்டி எழுதிப் பழகிய கை ஒரு நாள் சிகிச்சையிலும் தப்பு செய்யும், ஏனென்றால் அடுத்த ஷிப்ட் டாக்டர் அதை நம்பித்தான் மருந்து கொடுப்பார். திட்டத்தில் வராத ஒருவருக்கு உதவ வேண்டுமென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை பழைய சிறைச்சாலை சாலையில் பக்கத்திலேயே இருக்கிறது. கடிதம் எழுதி, ஆம்புலன்ஸ் பேசி அனுப்பி வையுங்கள். அதுவும் உதவிதான்.

முதல் கேஸிலிருந்து வந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அட்மிஷன் குறிப்பு எழுதி முடித்ததும், கூட வந்தவரிடம் அதைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். ஒரு நிமிடம் போதும். “சர்க்கரை ஏழு வருஷம், பி.பி. இல்லை, நெஞ்சு வலி நேத்து சாயங்காலத்திலிருந்து. சரியாம்மா?” போன மழைக்காலத்தில் ஒரு டாக்டர் இப்படிப் படிக்கும்போது திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு பெண், “சாயங்காலம் இல்ல சார், காலைலேர்ந்து. சொன்னா பயந்துடுவீங்கன்னு சொல்லல” என்றார். இ.சி.ஜி.யை மறுபடி எடுத்தார்கள். நேரம் மாறினால் சிகிச்சையே மாறுகிற நோய் அது. என் மேஜைக்காகச் சொன்ன பழக்கம் வார்டில் வேறு விதமாகப் பலன் கொடுத்தது. அந்த டாக்டர் அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்து சொன்னார்.

தாளைப் பாதுகாப்பதும் கொஞ்சம் நேரம் சொல்லித் தருகிறேன். உள்நோயாளி ஆவணத்தை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தளத்து ரெக்கார்டு அறையில் தண்ணீர் ஏறி, கீழ்த்தட்டில் இருந்த கட்டுகள் நனைந்துவிட்டன. நாங்களும் மூன்று பயிற்சி மருத்துவர்களும் ஃபேனுக்குக் கீழே தாள்களைப் பரப்பிக் காயவைத்தோம். பால்பாயின்ட் பேனாவில் எழுதியது நின்றது, ஜெல் பேனா கரைந்துபோனது. அன்றிலிருந்து என் மேஜையில் பால்பாயின்ட் மட்டும்தான் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்று எடுத்துக் கொடுப்பேன்.

வேறு மருத்துவமனையில் இப்படித் தொடங்க நினைப்பவர்களுக்கு: பெரிய ஏற்பாடு வேண்டாம். மறுக்கப்பட்ட மூன்று கிளெய்ம், பெயர் மறைத்த நகல், ஒரு மணி நேரம், டூட்டி முடிந்து சாப்பிட்ட பிறகு. சீனியர் டாக்டர் ஒருவர் பத்து நிமிடமாவது வந்து உட்காரட்டும். அவர் வராவிட்டால் இது கிளார்க் வேலை என்று நினைத்துவிடுவார்கள். யார் எழுதியது என்று எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். ஒரு முறை ஒரு பேட்ச்சில் எழுத்தின் சாயலை வைத்தே யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள், அந்தப் பையன் ஒரு மாதம் என் பக்கமே வரவில்லை. அதிலிருந்து அதே வருடத்து கேஸ் ஷீட்டைத் தொடுவதில்லை.

பத்து வருடம் என்று எழுதிய அந்த டாக்டர் மட்டும் இதற்கு விலக்கு, அதுவும் அவராகவே கேட்டதால். படிப்பு முடித்து இப்போது பொன்னேரிப் பக்கம் வேலை பார்க்கிறார். வருடா வருடம் புது பேட்ச்சின் முதல் சனிக்கிழமைக்கு வந்து, அந்தத் தாளை விரித்து வைத்து, நான்தான் எழுதினேன் என்று சொல்லி ஆரம்பிப்பார். இந்த வருட பேட்ச் சேர்ந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை ஒன்றே முக்காலுக்கு வந்துவிடுகிறேன் அக்கா என்று மெசேஜ் போட்டிருக்கிறார். நகல் எடுத்து, நோயாளியின் பெயரையும் ஐ.பி. எண்ணையும் மறைத்து, டிராயரில் எடுத்து வைத்திருக்கிறேன்.